ஊவாத் தேயிலை மலைகளும் எழுமாற்றுப் பரிசோதனையும்

பதுளைக்குக் கிழக்கே, பசறைக்கும் அப்பால் உயர்ந்து கிடக்கும் மடுல்சீமை மலைகளில் 1869ஆம் ஆண்டிலே விளைந்தது தேயிலை அன்று, கோப்பி. அவ்வாண்டில் அங்குள்ள தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அந்நோயை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண வல்லுநர் பேர்க்லிக்கு அறிவித்து இலைகளையும் அனுப்பினார். பேர்க்லி அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டு கழிவதற்குள், இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்த இலங்கையின் கோப்பிப் பயிரிற் பெரும்பகுதி மறைந்தொழிந்தது.

இந்த அழிவின் கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அக்கதையினுள்ளே அடங்கிக் கிடக்கும் வேறொன்று அத்துணை கவனிக்கப்படவில்லை. நோய் கண்ட தோட்டத்துரைமார் வாளாவிருந்தாரல்லர். சுண்ணாம்பு தூவினர், கந்தகம் தூவினர், எருவை மிகுவித்தனர். தூவிய சில வாரங்களில் நோய் தணிந்ததென மகிழ்ந்து எழுதியவர் உளர். மறு பருவத்தில் அதே மலையில் நோய் முன்னிலும் கடுமையாய் எழுந்தது. மருந்து தோற்றதா, அன்றி முதற்கண் அது வென்றதே இல்லையா என்பதை அறுதியிட எவராலும் இயலவில்லை. காரணம் எளிது. இலைநோய் மழையோடு எழுந்து, நோயுற்ற இலைகள் உதிர்ந்தபின் தானே தணிவது. தணியும் வேளையிலே தூவப்பட்ட எப்பொடியும் நன்மருந்தாகவே தோன்றும்.

1880இல் அரசினரால் வரவழைக்கப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் இரண்டாண்டுக் காலம் இத்தீவில் தங்கி ஆராய்ந்தார். காற்றிற் பறக்கும் வித்திகளைக் கண்ணாடித் துண்டுகளிற் பிடித்துக் கணித்தார். இலைகளில் வித்திகளை இட்டு நோய் உண்டாகும் முறையைப் படிப்படியாகக் கண்டார். நோயின் இயல்பு அவரால் விளங்கிற்று. ஆயின், தானே ஏறியிறங்கும் ஒன்றின்மீது மனிதன் செய்த செயலின் பயனை எவ்வாறு பிரித்தறிவது என்னும் வினாவுக்கு விடை பிறக்க மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. அவ்விடை வந்த இடம் மலைநாடன்று, இங்கிலாந்தின் கோதுமை வயல்.

இலண்டனுக்கு வடக்கேயுள்ள ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிரோட்போக் என்றொரு வயல் உண்டு. 1843 முதல் அங்கு ஆண்டுதோறும் கோதுமை விதைக்கப்பட்டு வருகின்றது. வயலை நீளக் கீற்றுகளாக வகுத்து, ஒன்றுக்குத் தொழுவெரு, ஒன்றுக்கு இரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமில்லை என்றவாறு அமைத்திருந்தனர். 1919இல் அங்கு வந்தமர்ந்த றொனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞர் அந்நீண்டகால விளைச்சற் கணக்கை எடுத்து நோக்கினார். மழையால் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்றத்தாழ்வு ஒருபுறமிருக்க, பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல எழுந்தும் விழுந்தும் வந்த வேறொரு மாற்றமும் கணக்கிற் காணப்பட்டது. உரம் மாறவில்லை, வித்து அதனை விளக்கப் போதவில்லை. களையே காரணமென்பது பிஷரின் துணிபு. முன்னர் சிறுவர்கள் கையாற் களை பறித்து வந்தனர். 1876ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அச்சிறுவரைப் பள்ளிக்கு அனுப்பிற்று. வயலிற் புல் மிகுந்தது. நாட்டின் சட்டமன்றத்திற் செய்யப்பட்ட ஒரு காரியம் உரப் பரிசோதனையின் ஏட்டிற் சென்று பதிந்த விந்தை இது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைச் சற்றுப் பெருமிதத்தோடு நினைத்துக்கொள்ளலாம்.

பிரோட்போக் கற்பித்த பாடத்திலிருந்தே பிஷரின் புதிய முறை உருவாயிற்று என்பது மிகையாயினும், இரண்டுக்கும் உறவுண்டு. சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிடுவது பயனற்றது; ஒரே காலத்தில் அருகருகே உள்ளவற்றையே ஒப்பிடவேண்டும். அருகருகே உள்ளனவும் ஒத்தனவல்ல. ஒன்று மேடு, ஒன்று பள்ளம். ஆதலின் நிலத்தை ஒத்த தன்மையுள்ள தொகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு தொகுதியிலும் எத்துண்டத்துக்கு எவ்வுரம் என்பதை ஆராய்ச்சியாளன் விருப்பத்துக்கு விடாது குலுக்கலுக்கு விடவேண்டும். இதுவே எழுமாற்று முறை. நல்ல துண்டத்தைத் தான் விரும்பும் உரத்துக்கு ஒதுக்கும் மனித மனத்தின் சாய்வை இது ஒழிப்பதோடு, காணப்பட்ட வேற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடுமா என்பதைக் கணித்தறியவும் வழி செய்கின்றது. 1935இல் வெளியான தமது நூலிற் பிஷர் இதனை விளக்கக் கைக்கொண்டது தேநீரையே. பாலை முன்னர் ஊற்றினரா பின்னர் ஊற்றினரா என்பதைச் சுவையாற் கூறவல்லேன் என்ற ஒரு பெண்மணிக்கு, நான்கு முன்னும் நான்கு பின்னுமாக எட்டுக் கோப்பைகளைக் குலுக்கிய வரிசையிற் கொடுத்தால், வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகப் பிரிப்பதற்குரிய வாய்ப்பு எழுபதில் ஒன்று. ஊவாவின் கொழுந்து அக்கோப்பைகளில் இருந்ததா என்பதை அந்நூல் கூறவில்லை!

இம்முறை இலங்கைக்கு வந்தது நூல்வழியன்று, ஆள்வழி. ரொதம்ஸ்டெட்டிற் பிஷரோடு சேர்ந்து, குலுக்கி வகுத்த வயற் பரிசோதனைகளின் முதற் கட்டுரைகளை எழுதியவர்களுள் ஒருவர் தோமஸ் ஈடன். 1925இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அவர் 1920களின் இறுதியில் வந்து சேர்ந்தார். தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டம் அந்நிறுவகத்தின் இருப்பிடமாயிற்று. புதிய முறை பிறந்த சில ஆண்டுகளுக்குள், அது பிறந்த வீட்டிலிருந்தே ஒருவர் அதனை எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்கு வந்தார் என்பது நமது விஞ்ஞான வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

வந்தவருக்குத் தேயிலை வேறொரு பயிராக எதிர்ப்பட்டது. கோதுமை ஓராண்டில் முடிவது. மறு ஆண்டு வேறு விதை, வேறு குலுக்கல். தேயிலைச் செடியோ பாட்டன் நட்டதைப் பேரன் கொய்வது. அன்றைய மலைகளெல்லாம் வித்திலிருந்து எழுந்த செடிகளாதலின் ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒரு செடி நூறு கொழுந்து தர, பக்கத்துச் செடி அதிற் பாதியும் தராது. அவ்வேற்றுமை ஓராண்டோடு ஒழிவதுமன்று. வலிய செடிகள் திரண்ட துண்டம் ஆண்டாண்டாக வலியதாகவே நிற்கும். ஈடன் இதனைத் தடையாகக் கருதாது கருவியாக ஆக்கிக்கொண்டார். உரம் இடுவதற்கு முன்னரே ஒவ்வொரு துண்டத்தின் கொழுந்தையும் சிலகாலம் தனித்தனி நிறுத்துக் குறித்து வைத்தால், பின்னர் வரும் விளைச்சலில் துண்டத்தின் பிறவிக்குணம் எவ்வளவு, உரத்தின் பயன் எவ்வளவு என்று பிரிக்கலாம். இலங்கையிற் பதினாறு துண்டங்களிலிருந்து, பதினான்கு கொய்தல்கள் கொண்ட இரு அடுத்தடுத்த காலப்பகுதிகளில் அவர் எடுத்த கணக்கு, பிஷரின் புள்ளிவிபர நூலின் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. முன்னைய விளைச்சலைக் கொண்டு பின்னைய விளைச்சலைத் திருத்தும் கணிப்புமுறையை உலகம் கற்றது அந்த எடுத்துக்காட்டின் வாயிலாகவே. அதே பதினாறு துண்டங்களில், அதே உழைப்பில், ஒப்பீட்டின் நுண்மை பன்மடங்கு உயர்ந்தது. இன்று மருந்துப் பரிசோதனை செய்வோரும் கல்விப் பரிசோதனை செய்வோரும் கையாளும் இக்கணிப்பின் முதற் படிகளில் நம் மலைப்பெண்கள் கிள்ளிய கொழுந்தின் நிறை இருக்கின்றது.

எனினும் பதினெட்டுக் கொய்தலுக்கோ இருபது கொய்தலுக்கோ நிலைக்கும் ஒழுங்கு, பத்தாண்டுக்கு நிலைக்குமோ? இங்குதான் கடினம் தொடங்குகின்றது.

முதலாவது கவ்வாத்து. கவ்வாத்து வெட்டப்பட்ட மலை சில மாதம் கொழுந்தின்றிக் கிடந்து, பின் துளிர்த்து, விளைவில் ஏறி, மட்டம் உயர உயரத் தளர்ந்து, மீண்டும் கத்திக்கு வரும். உயர்நாட்டில் இச்சுற்று மூன்று நான்கு ஆண்டு கொள்ளும். சுற்றின் முதலாண்டிற் பயன் காட்டாத உரம் மூன்றாமாண்டிற் காட்டக்கூடும். ஆகையால் ஒரு சுற்று முழுமையாக முடியுமுன் கூறப்படும் முடிவு பாதி வாசித்த கடிதத்துக்கு ஒப்பாகும். அன்றியும், இட்ட உரம் அவ்வாண்டோடு போவதில்லை. மண்ணிலும் வேரிலும் தங்கும். பசுக்களின் தீவனப் பரிசோதனைகளில் ஒரே பசுவுக்கு முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றும் கொடுத்துப் பாலை அளந்து பார்க்கும் மாற்றுமுறையை 1941இல் அமெரிக்கர் செம்மைப்படுத்தினர். முந்திய தீவனத்தின் எச்சத்தையும் கணக்கிற் சேர்த்தனர். தேயிலையில் அவ்வெச்சம் வாரக் கணக்கன்று, ஆண்டுக் கணக்கு. இவ்வாண்டு உரமிட்ட துண்டத்தை மறு ஆண்டு உரமிடாத் துண்டமாக வைத்து ஒப்பிடுவோன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான். ஊவாவின் செங்குத்துச் சரிவுகளிலோ மேல் துண்டத்தின் உரம் மழையோடு கீழ்த் துண்டத்துக்கும் இறங்கும். இடையே காவல் நிரைகள் விடுவதும், தொகுதிகளைச் சரிவின் சமமட்டத்தோடு ஒட்டி வகுப்பதும் இதன்பொருட்டே.

அடுத்தது, எவரும் எதிர்பாராதது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தது. இளந்தளிரையே பற்றும் நோய் ஆதலின், கவ்வாத்துக்குப் பின் துளிர்த்து நின்ற மலைகள் மிக வருந்தின. எந்த மாதத்திற் கவ்வாத்து வெட்டுவது நன்று என்று ஆராயும் ஒரு பரிசோதனையை எண்ணிப் பார்க்கலாம். குலுக்கல் பழுதின்றி நடந்திருக்கும். துண்டங்கள் தொடக்கத்தில் ஒத்திருக்கும். ஆயினும் நோய் எழுந்த வாரங்களில் இளந்தளிரோடு நின்ற துண்டம் ஒன்று. முற்றிய இலையோடு நின்றது மற்றொன்று. ஏட்டிற் பதியும் வேற்றுமை மாதத்தின் பயனா, அந்த ஒரு வருடத்தின் விளைவா? குலுக்கல் தொடக்க நாளின் வேற்றுமைகளைச் சமன்செய்யும். பின்வரும் காலம் எல்லாத் துண்டங்களையும் ஒருபடித்தாகத் தாக்குமென்று அது உறுதி கூறாது. பரிசோதனையைப் பல ஆண்டுகளிற் படிப்படியாகத் தொடங்கி, சில தொகுதிகளை முதலாமாண்டும் சிலவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் புகுத்தினாலன்றி, காலத்தின் பங்கைச் செயலின் பங்கிலிருந்து பிரித்தல் அரிது. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். தோட்டக் கம்பனிகளுக்கு முன்னது இருந்தது.

இவற்றினும் ஆழமானது துளைவண்டின் வரலாறு. தண்டைத் துளைத்துக் கிளையை ஒடியச் செய்யும் இவ்வண்டு இடைநிலை உயரமுள்ள ஊவாத் தோட்டங்களிற் பெருந்தொல்லை. 1950களின் பிற்பகுதியிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் டீல்ட்ரின் என்னும் மருந்து அதற்கெதிராக அடிக்கப்பட்டது. வண்டு குறைந்தது. ஆனால் தேயிலையில் வேறொரு புழுவும் உண்டு; இலைகளைப் பிணைத்து உள்ளிருந்து உண்பது. 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து கொணரப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி அப்புழுவை அடக்கி வைத்திருந்தது. டீல்ட்ரின் அக்குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு பெருகிற்று. இங்கே நோக்கற்பாலது யாதெனின், சிறு துண்டங்களில் எத்துணை ஒழுங்காகக் குலுக்கிச் சோதித்திருந்தாலும் இவ்விளைவு எளிதில் வெளிப்பட்டிராது என்பதே. மருந்தடித்த துண்டத்துக்குப் பக்கத்து அடிக்காத துண்டத்திலிருந்து குளவி பறந்து வந்துவிடும். மலை முழுவதும், மலைக்கப்பால் மலையும் அடித்தபோது பறந்துவர இடமில்லாது போயிற்று. இத்தகையவற்றுக்குத் துண்டத்தை அலகாகக் கொள்ளாது தோட்டத்தையே அலகாகக் கொண்டு குலுக்கவேண்டும்.

ஊவாவுக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. தலவாக்கலை தென்மேற்குப் பருவமழையின் முகத்தில் நிற்பது. பதுளையும் பண்டாரவளையும் பசறையும் மலையின் மறுபக்கத்தவை. அங்கு மழை நனைக்கும் மாதங்களில் இங்கு வறண்ட கச்சான் வீசும். யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் அவ்வரட்சியிலேதான் ஊவாத் தேயிலையின் பெயர்போன மணம் பிறக்கின்றது. கொழுந்து குறையும், விலை ஏறும். ஒரு மலையின் எதிரெதிர்ச் சரிவுகள் ஒரே வினாவுக்கு வெவ்வேறு விடை தரக்கூடுமாதலால், சென் கூம்ஸ் கண்ட முடிவை அப்படியே நமுனுகுலைச் சாரலுக்குக் கொண்டுவர இயலாது. பசறையில் நிறுவகத்துக்கு ஒரு கிளை வேண்டியிருந்ததன் நியாயம் இதுவே. இது தேயிலைக்கு மட்டும் உரியதன்று. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி பிரித்தானியாவில் 1950இற் தொடங்கிய பரிசோதனையில் பெரும் காப்பு அளித்தது. 1968 முதல் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் உட்படுத்திச் செய்யப்பட்ட குலுக்கற் பரிசோதனையில், நுரையீரற் காசநோய்க்கு எதிராக அக்காப்பு காணப்படவில்லை. இரண்டும் ஒழுங்காக நடந்தவையே.

பரிசோதனை ஏட்டில் ஒரு நிரலுக்கும் இடம்பெறாதவர் கொழுந்து கொய்வோர். துண்டத்தின் விளைவு என்று எழுதப்படும் எண், ஒரு பெண்ணின் கைவழியே கூடைக்குச் சென்று மடுவத்திலே தராசில் ஏறியபின் வருவது. கைதேர்ந்தவள் எடுத்த நிரைக்கும் புதியவள் எடுத்த நிரைக்கும் உள்ள வேற்றுமை ஓர் உரத்தின் வேற்றுமையை விழுங்கிவிடும். ஆகவே நல்ல திட்டத்தில் ஆட்களும் துண்டங்களிடையே முறைமாறி அனுப்பப்படுவர். ஆனால் பிரோட்போக் வயலிற் சிறுவர் மறைந்ததுபோல், மலைநாட்டில் ஆட்களே மாறினர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஊவாவின் லயங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் புகையிரதம் ஏறினர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையே வித்துச் செடிகளைப் பிடுங்கி, தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த புதிய இனங்கள் பல மலைகளில் நடப்பட்டன. ஒரே பெயருடைய மலையில் 1935இலும் 1985இலும் எடுத்த விளைச்சற் கணக்கை ஒப்பிட விரும்புவோன், செடி, ஆள், உடைமை, நோய் ஆகிய யாவும் மாறிய ஒன்றையே ஒப்பிடுகின்றான்.

மடுல்சீமைத் துரைமார் சுண்ணாம்பு தூவியதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின், அதே பிழை தேசமளவில் நிகழ்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி நாடு முழுவதிலும் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. தேயிலை உற்பத்தி 2020இல் ஏறத்தாழ 278 மில்லியன் கிலோ, 2021இல் 299, 2022இல் 251. தடை வந்த ஆண்டில் விளைச்சல் ஏறியுள்ளது! 2020 வரட்சியும் கொள்ளைநோயும் வருத்திய ஆண்டாதலின் அவ்வேற்றம் மீட்சியே. மண்ணிற் பழைய உரத்தின் எச்சமும் இருந்தது. ஆனால் 2021இன் எண்ணை மட்டும் காட்டித் தடையைப் புகழ ஒருவர் விரும்பின் அவரைத் தடுக்க ஏட்டில் எதுவுமில்லை. 2022இன் வீழ்ச்சியிலோ எரிபொருட் பஞ்சமும், மின்வெட்டும், உரவிலை ஏற்றமும், ரூபாவின் சரிவும் கலந்துள்ளன. தடையே முதன்மைக் காரணமென்று கருத வலிய நியாயங்கள் உண்டு. அதன் பங்கு இத்துணை என அளந்து கூறுதற்குரிய ஒப்பீட்டுப் பகுதி அத்திட்டத்தில் வைக்கப்படவில்லை.

வைத்திருக்க இயலாதா? 1986இல் ஆபிரிக்காவின் கம்பியா நாட்டில் ஈரலழற்சித் தடுப்பூசியைப் புகுத்தியபோது, எல்லா இடத்துக்கும் ஒரே நாளிற் கொடுக்கப் போதிய வசதி இல்லை. அவ்வில்லாமையையே அவர்கள் திட்டமாக்கினர். ஊசி போடும் குழுக்கள் ஒவ்வொன்றாகக் குலுக்கல் வரிசைப்படி புதிய ஊசியைத் தொடங்கின. ஏணிப்படிபோல அமைந்த இம்முறையில் எந்த மாதத்திலும் பெற்ற பகுதியும் பெறாத பகுதியும் அருகருகே நிற்கும். காலம் இரண்டையும் கடந்து செல்லும். ஊவாவின் தோட்டங்களைச் சரிவாலும் உயரத்தாலும் தொகுதிகளாக்கி, சேதன உரத்தை முதலாமாண்டு குலுக்கலில் வந்த சிலவற்றுக்கும், ஒரு கவ்வாத்துச் சுற்றின் பின் வேறு சிலவற்றுக்குமாகப் புகுத்தியிருந்தால், பயனோ கேடோ மூன்று நான்கு ஆண்டுகளில் எண்ணாகத் தெரிந்திருக்கும். கேடு விளைந்திருப்பின் அது சில மலைகளோடு நின்றிருக்கும்.

அவ்வாறு நடவாமையின் செலவை ஏற்றவர் யாவர் என்பதும் வரலாற்றுக்குரியதே. 2021 மார்ச்சிற்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அச்சம்பளத்துக்கு முழுப்பேர் விழவேண்டின் குறித்த கிலோக் கொழுந்து மடுவத்துக்கு வரவேண்டும், வராவிடின் அரைப்பேர். உரம் குன்றிய மலையில் துளிர் குறையும். கை எவ்வளவு விரைந்தாலும் இல்லாத கொழுந்தைக் கிள்ள முடியாது. ஈடனின் பதினாறு துண்டங்களில் முன்விளைச்சலைக் கொண்டு பின்விளைச்சலைத் திருத்தும் வழி 1932லேயே அச்சேறிவிட்டது. மலையின் நிலைக்கேற்ப நிறைக்கணக்கைத் திருத்துவதற்கும் அதே கணிப்புப் போதும். இதற்கு வேண்டிய பழைய கொழுந்துக் கணக்குகள் ஒவ்வொரு தோட்டத்துக் காரியாலயத்திலும் நாள்வாரியாக எழுதப்பட்டு வந்தவையே.